சதுப்பு நிலம் என்ற சாக்கு

ஷூசாகு எண்டோவின் ‘சைலன்ஸ்’ நாவலைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். ஜப்பான் ஒரு சதுப்பு நிலம், வெளியிலிருந்து கொண்டுவந்து நடும் எந்தக் கன்றும் அங்கே வேர் அழுகிச் செத்துப்போகும் என்று நாவலில் வரும் வாதம்தான் அந்த இடம். மட்டாஞ்சேரியில் நண்பர்கள் சிலர் கூடி இந்த நாவலைப் பேசியபோதும் அதுவேதான் நடந்தது. தமிழர், மலையாளி, கொங்கணி என்று கலந்திருந்த அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லோருமே அந்த வாதத்தை நாவலின் சாரமாகவும் வாழ்க்கையின் உண்மையாகவும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குணம் இருக்கிறது, வந்தது வந்ததுதான், என்ன செய்தாலும் ஒட்டாது என்றார்கள். இதை நான் மறுக்கிறேன். நாவலை வைத்தே மறுக்கிறேன். வரலாற்றை வைத்தும், நாங்கள் உட்கார்ந்து பேசிய ஊரை வைத்தும் மறுக்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிட வேண்டும். 1966-ல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த நாவல் இது. கதை நடப்பது 17-ஆம் நூற்றாண்டில். ரோட்ரிகஸ் என்ற போர்ச்சுகீசிய யேசு சபைப் பாதிரியார், தன் ஆசிரியர் ஃபெரேரா ஜப்பானில் சித்திரவதைக்குப் பணிந்து மதத்தை மறுதலித்துவிட்டார் என்ற செய்தியை நம்ப முடியாமல், கோவா, மக்காவ் வழியாக ஜப்பானுக்குள் ரகசியமாக நுழைகிறார். மறைந்து வாழும் ஏழைக் குடியானவர்கள் அவருக்கு அடைக்கலம் கொடுக்கிறார்கள். அவரை ஒளித்துவைத்த கிராமத்து மோக்கிச்சியும் இச்சிசோவும் கடலோரத்தில் சிலுவையில் கட்டப்பட்டு, ஏறி இறங்கும் அலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறார்கள். ரோட்ரிகஸ் பிடிபடுகிறார். காவலில் இருக்கும்போது ஃபெரேராவைச் சந்திக்கிறார். இருபது ஆண்டுகள் இங்கே உழைத்தேன், கண்டது இதுதான் என்று சதுப்பு நிலத்தைப் பற்றிச் சொல்பவர் ஃபெரேராதான். இந்த மக்கள் கும்பிட்டது நம் கடவுளை அல்ல, தங்கள் வசதிக்குத் திரித்துக்கொண்ட வேறொன்றை என்கிறார். கடைசியில், குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட குடியானவர்களைக் காப்பாற்றுவதற்காக ரோட்ரிகஸ் கிறிஸ்துவின் உருவம் பதித்த தகட்டை மிதிக்கிறார்.

இந்த வாதத்துக்குப் பின்னால் எண்டோவின் சொந்த வாழ்க்கையும் இருக்கிறது. 1923-ல் பிறந்தவர், விவரம் தெரியாத சிறுவயதில் தாயின் வழியாகக் கத்தோலிக்கரானார். தாய் கொடுத்த அந்த மதம் உடலுக்குப் பொருந்தாத மேல்நாட்டு உடுப்பைப் போலிருந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கழற்றவும் முடியவில்லை, அப்படியே போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. தன் உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தைப்பதையே எழுத்தாக்கிக்கொண்டார். அந்த வேதனை பொய்யல்ல. பாதிரிமார் தனியாக வரவில்லை, கப்பலும் பீரங்கியும் கூடவே வந்தன என்பதும் பொய்யல்ல. 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்த ஆட்சிக்கு, மதத்தின் பின்னால் ஸ்பானியப் படை வரும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. கொச்சியில் கோட்டை எழுந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு அது நன்றாகவே புரியும். இவ்வளவையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றிலிருந்து, ஒட்டவிடாதது மண் என்ற முடிவு எங்கே வருகிறது? வரவே வராது.

1. சொன்னது யார்?

நாவலில் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் உடைக்கப்பட்டவர், மற்றவர் உடைத்தவர். ஃபெரேரா குழியில் தொங்கவிடப்பட்டுப் பணிந்தவர். ஜப்பானியப் பெயரும் வீடும் மனைவியும் கொடுத்து, மற்றப் பாதிரிமாரைப் பணியவைக்க அரசு பயன்படுத்திய ஆள். தான் செய்தது தவிர்க்க முடியாதது என்று அவருக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்கிறது. அடுத்தவர் இனோவே, கிறிஸ்தவர்களை ஒழிக்கும் பொறுப்பில் இருந்த அதிகாரி. இவரும் ஒருகாலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்தான் என்று நாவலே சொல்கிறது. ரோட்ரிகஸ் பணிந்த பிறகு, உன்னைத் தோற்கடித்தது நானல்ல, இந்தச் சதுப்பு நிலம்தான் என்ற பொருளில் அவரிடம் பேசுகிறார்.

எப்போது பேசுகிறார் என்று பாருங்கள். ஜெயித்த பிறகு. அதற்கு முன்பு, வாதம் நடந்துகொண்டிருந்தபோது இனோவே சொன்ன காரணமே வேறு. ஒரு பிரபுவின் நான்கு ஆசைநாயகிகள் ஓயாமல் சண்டையிட்டதால் நால்வரையும் அவர் வெளியேற்றினார் என்று கதை சொல்கிறார். ஸ்பெயின், போர்ச்சுகல், ஹாலந்து, இங்கிலாந்து என்ற நான்கு நாடுகளைத்தான் குறிப்பிடுகிறார். அது அப்பட்டமான அரசியல் காரணம். காரியம் முடிந்ததும் அரசியல் மறைந்துவிடுகிறது, கையில் இருந்த கயிறு மறைந்துவிடுகிறது, எல்லாப் பழியும் மண்ணின் மேல் போகிறது. இந்த இருவர் வாய்ச்சொல்லை எடுத்து நாவலாசிரியரின் தீர்ப்பு என்று முழங்குவது எப்படிப்பட்ட வாசிப்பு? ரோட்ரிகஸே அதை ஏற்கவில்லை. தன் போராட்டம் தன் நெஞ்சுக்குள் இருந்த நம்பிக்கையோடு நடந்தது என்று இனோவேயின் முகத்துக்கு நேரே மறுக்கிறார். மறுப்பு அதே பக்கத்தில் இருக்கிறது. நம் வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2. தானாக அழுகுகிற வேரை எதற்காகப் பிடுங்க வேண்டும்?

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், அந்த மண்ணில் அது வளரவே வளராது. அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே? 1614-ல் நாடு முழுவதும் தடை. பாதிரியாரைக் காட்டிக்கொடுத்தால் இவ்வளவு வெள்ளி என்று அறிவிப்புப் பலகை. ஐந்து ஐந்து வீடுகளாகச் சேர்த்து, ஒரு வீட்டில் கிறிஸ்தவர் அகப்பட்டால் மற்ற வீடுகளும் பொறுப்பு என்ற ஏற்பாடு. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்தக் கோயிலின் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை. நாகசாகியில் ஆண்டுதோறும் ஊர்மக்களை வரிசையில் நிறுத்தி, உருவம் பதித்த தகட்டை மிதிக்கச் சொன்னார்கள்; 1850-கள் வரை அது தொடர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 200 ஆண்டுகளுக்கு மேல். கணக்கர்கள், காவலர்கள், பதிவேடுகள், உளவாளிகள் என்று ஒரு பெரிய அரசாங்கம் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்திருக்கிறது.

வேர் விடாத ஒன்றை ஒழிக்க யாரும் இவ்வளவு செலவு செய்வதில்லை. ஆழமாகப் பிடித்துக்கொண்டது என்பதால்தான் இவ்வளவு ஆழமாகத் தோண்டினார்கள்.

3. அழுகவும் இல்லை.

1865 மார்ச் 17. நாகசாகியில் அந்நியர்களுக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா தேவாலயத்துக்கு உராக்காமி கிராமத்தார் சிலர் வருகிறார்கள். அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் பெர்னார் பெத்திஜானின் பக்கத்தில் வந்து ஒரு பெண் மெதுவாகச் சொல்கிறார்: உங்கள் நெஞ்சில் இருப்பதுதான் எங்கள் நெஞ்சிலும் இருக்கிறது. பிறகு மரியன்னையின் சுரூபம் எங்கே என்று விசாரிக்கிறார். இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாதிரியார் இல்லை, கோயில் இல்லை. பூசை எப்படி நடக்கும் என்று கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட உயிரோடு இல்லை. ஆனாலும் ஞானஸ்நானம் கொடுக்கத் தெரிந்தவரைத் தலைமுறைதோறும் ஊருக்குள்ளேயே நியமித்து, திருநாள்களைக் கணக்கு வைத்து, குழந்தை ஏந்திய கானன் என்ற பௌத்த தெய்வத்தின் சிலையை மாதாவாக எண்ணிக் கும்பிட்டு, வாய்மொழியாகவே ஜெபங்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

அதற்கும் தண்டனை கிடைத்தது. 1867 தொடங்கி உராக்காமியில் கைதுகள் நடந்தன. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் கடத்தி அனுப்பப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1873-ல் தடை விலகியபோது மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்பிக் கோயில் கட்டினார்கள். 2018-ல் நாகசாகிப் பகுதியின் மறைந்திருந்த கிறிஸ்தவர் தலங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவும் எண்டோவுக்குத் தெரியும். நாகசாகியிலும் மறைவுக் கிறிஸ்தவர் வாழ்ந்த தீவுகளிலும் சுற்றியவர் அவர். ஃபெரேரா சொன்னது தவறு என்று அவர் தனியாக எழுதிவைக்கவில்லை. தெரிந்துகொள்வது வாசகன் வேலை.

4. குழியில் கடைசிவரை தொங்கியவர் யார்?

கொச்சிக்காரர்கள் இந்த நாவலைப் படிக்கும்போது இந்த ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1582-ல் வலிக்னானோ என்ற யேசு சபைத் தலைவர் நான்கு ஜப்பானியச் சிறுவர்களை நாகசாகியிலிருந்து கப்பலேற்றி ரோமுக்கு அனுப்பினார். எல்லோருக்கும் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். மக்காவ், மலாக்கா கடந்து கொச்சிக்கு வந்து தங்கி, பிறகு கோவா போய், ஐரோப்பா சென்று போப்பாண்டவரைப் பார்த்துவிட்டு 1590-ல் ஊர் திரும்பினார்கள். அந்த நால்வரில் ஒருவர் பெயர் நகாவுரா ஜூலியன். பிற்காலத்தில் பாதிரியாராகி, தடைக்குப் பிறகும் நாட்டைவிட்டுப் போகாமல், ஒளிந்து ஒளிந்தே ஊழியம் செய்தார்.

1633 அக்டோபரில் நாகசாகியில் அவரைக் குழியில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அதே நாளில் அங்கே தொங்கவிடப்பட்டவர்களில் இன்னொருவர் கிறிஸ்தவான் ஃபெரேரா. ஆம், நாவலில் வரும் ஃபெரேரா வரலாற்று மனிதர்தான். ஐரோப்பியரான ஃபெரேரா சுமார் ஐந்து மணி நேரத்தில் பணிந்தார். ஜப்பானியரான நகாவுரா ஜூலியன் பணியவே இல்லை. மூன்று நாள் கழித்துக் குழியிலேயே உயிர்விட்டார். ஃபெரேராவை நான் குறை சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் கீறிவிட்டு, இரத்தம் சொட்டுச் சொட்டாக வடியும்படி, மலக்குழிக்கு மேல் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட மனிதனை நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற எவனும் குறை சொல்லக் கூடாது. நான் சொல்வது வேறு. அந்த மதம் ஐரோப்பிய நெஞ்சில்தான் நிற்கும், ஜப்பானிய நெஞ்சில் அழுகும் என்ற சூத்திரம், அது பிறந்ததாகச் சொல்லப்படும் குழியின் பக்கத்திலேயே பொய்த்துப்போனது. இதற்கு எதிராக, அந்த நால்வரில் இன்னொருவரான சிஜிவா மிகேல் பின்னாளில் சபையைவிட்டு விலகிப்போனதைச் சொல்லலாம். சொல்லுங்கள். ஒருவர் விலகினார், ஒருவர் உயிரைக் கொடுத்தார். ஒரே நாடு, ஒரே மண், ஒரே கப்பல். மண் எதைத் தீர்மானித்தது?

5. ‘அவர்கள் கும்பிட்டது வேறு கடவுள்’ என்ற குற்றச்சாட்டு.

இந்த வாதம்தான் படித்தவர்களை மிக எளிதாக மயக்குகிறது. அந்தக் குடியானவர்கள் மதத்தைத் தங்கள் வழக்கங்களோடு கலந்துவிட்டார்கள், ஆகவே அது கிறிஸ்தவமே அல்ல என்கிறார்கள். கலக்காமல் ஒரு மதம் எந்த ஊரில் நிலைத்திருக்கிறது? பௌத்தமும் ஜப்பானுக்கு வெளியூர்ச் சரக்குத்தான். 6-ஆம் நூற்றாண்டில் கொரியா வழியாகப் போய்ச் சேர்ந்தது. நாராவில் இருக்கும் தோதாய்ஜி பெரிய புத்தருக்கு 752-ல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. நம் சரஸ்வதியும் பிள்ளையாரும்கூட அங்கே போய் வேறு பெயரும் உருவமும் எடுத்துக் குடியிருக்கிறார்கள். அங்கே வேர் அழுகவில்லை. அதையெல்லாம் ஏற்றுக்கொண்ட சதுப்பு நிலம், ஆட்சியாளர் கண்ணில் ஆபத்தாகத் தெரிந்த ஒன்றை மட்டும் அழுகவைக்குமா? அழுகவைத்தது மண்தான் என்று இன்னும் சொல்ல முடியுமா?

நம் கடற்கரைக்கு வாருங்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களின் நடுவில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கொச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். போன தலைவர்கள் இங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள், பிறகு ஊரே மாறியது. அது முழுக்க முழுக்க அரசியல் ஏற்பாடு. மந்திரம்கூடப் புரிந்திருக்காது. 1542-ல் அங்கே வந்து அவர்களுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-ல் ஜப்பானில் ககோஷிமாவில் போய் இறங்கினார். ஆக, இரண்டு கரைகளுக்கும் போனது ஒரே ஆள், ஒரே போதனை. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்கப் பாதிரிமாரை விரட்டினார்கள். மதம் மாறி வந்தால் லாபம் உண்டு என்று தெரிந்தும் பரதவர்கள் மாறவில்லை. பாதுகாப்புக்காகப் பிடித்துக்கொண்டதை, பாதுகாப்புப் போன பிறகும் அவர்கள் விடவில்லை. இன்று தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தங்கத்தேரை வடம் பிடித்து இழுக்கிறார்கள். அதில் கோயில் திருவிழாவின் சாயல் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். அண்டிரிக் அடிகளார் 1579-ல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டபோது தொடங்கிய வேலை அது. எழுத்து நம்முடையது, பேச்சு நம்முடையது, தேர் நம்முடையது. அப்புறம் அது யாருடைய மதம்?

தூய்மை கெட்டுப்போனால் சொந்தம் போய்விடும் என்று சொல்பவர்கள், தூய்மையை அளக்கும் கோலை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை. ஃபெரேரா அந்தக் கோலை லிஸ்பனிலிருந்து கொண்டுவந்தார். லிஸ்பனில் இருப்பதைப் போல இல்லாதது போலி என்பதுதான் அவர் கணக்கு. சதுப்பு நிலக் கதையின் அடியில் இருப்பது ஜப்பானைப் பற்றிய ஞானம் அல்ல, பாதிரியாரின் ஏமாற்றம்.

6. மட்டாஞ்சேரி என்ன சொல்கிறது?

ஃபெரேரா குழியிலிருந்து எடுக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1653 ஜனவரி 3-ஆம் தேதி, நாங்கள் நாவல் பேசிய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய கூட்டம் கூடியது. அதே யேசு சபை, அதே போர்ச்சுகீசியர், அதே கேள்வி: யார் உண்மையான கிறிஸ்தவர்? 1599-ல் உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசிஸ் ஒரு மாநாட்டைக் கூட்டி, பல நூற்றாண்டுகளாக இங்கே வாழ்ந்த மார்த்தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டையும் நூல்களையும் பிழையென்று தீர்த்துவிட்டிருந்தார். சுரியானிச் சுவடிகளை எரித்தார்கள். 1652-ல் மேற்காசியாவிலிருந்து வந்த அகத்தள்ளா என்ற ஆயரை மயிலாப்பூரில் பிடித்துவைத்து, கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பல் கொச்சித் துறையில் நின்றபோது அவரைப் பார்க்க வேண்டும் என்று மக்கள் திரண்டு வந்து கேட்டும் காட்டவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவியது. அந்தக் கோபத்தில் மட்டாஞ்சேரித் தேவாலயத்தின் சிலுவையில் வடம் கட்டி, எல்லோரும் அந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு, யேசு சபையாருக்கு இனி அடங்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். இழுத்த இழுப்பில் சிலுவையே வளைந்தது என்பது வழக்கு. கூனன் குரிசு என்று பெயர் வந்தது அதனால்தான்.

சத்தியத்தின் சரியான சொற்கள் எவை, மறுத்தது யேசு சபையையா ரோமையா என்று சபைகள் இன்றும் வழக்காடுகின்றன. எனக்கு வேண்டியது அதுவல்ல. அந்த மக்கள் கையில் இருந்த வடத்தைப் பாருங்கள். பாதிரியாரை எதிர்த்துச் சத்தியம் செய்ய அவர்கள் பற்றிக்கொண்டது சிலுவையைத்தான். இது உங்கள் மதம், எங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இது எங்களுடையது, நீங்கள் யார் கேட்பதற்கு என்றார்கள். 1873-க்குப் பிறகு ஜப்பானிலும் இப்படித்தான் நடந்தது: மறைவுக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்த பாதிரிமாரோடு சேராமல், முன்னோர் கொடுத்ததே எங்களுக்குப் போதும் என்று தனியாகவே நின்றார்கள். வேர் அழுகியவர்கள் இப்படி நிற்க மாட்டார்கள்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். மட்டாஞ்சேரியின் யூதத் தெரு காலியாகிவிட்டதே? 1568-ல் அரசரின் அரண்மனைச் சுவரை ஒட்டியே பரதேசி ஜெப ஆலயம் கட்டிக்கொண்டவர்கள் 1950-களிலிருந்து இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்களே, கடைசியில் மண் தன் குணத்தைக் காட்டிவிட்டதே என்பார்கள். கொச்சி அவர்களைத் துரத்தவில்லை. புதிதாகப் பிறந்த ஒரு நாடு கூப்பிட்டது, போனார்கள். போன இடத்தில் அவர்களுடைய பெண்கள் மலையாளப் பாட்டுகளைப் பாடிக் காப்பாற்றினார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உள்மரவேலை இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுக்குள்ளேயே சொந்தம் மறுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பரதேசி ஜெப ஆலயத்தில் ஒரு பிரிவினருக்கு உள்ளே சரிசமமாக உட்கார இடம் இருந்ததில்லை. வக்கீல் ஏ.பி. சேலம் காந்திய வழியில் அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தி அதை மாற்றினார். அவரைத் தள்ளிவைத்தது கொச்சி மண்ணா? அவரோடு ஒரே வேதம் படித்தவர்கள்.

ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் தோபிக்கானாவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். டச்சுப் பட்டாளத்தின் உடுப்புகளைத் துவைக்கத் தங்கள் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது அங்கிருக்கும் வண்ணார் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. ஆளுக்கொரு துவைகல், ஆளுக்கொரு தொட்டி. வெயிலில் நீளமாகக் கட்டிய கயிறுகளில் கிளிப் என்ற பேச்சே கிடையாது. இரண்டு புரி முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், கடற்காற்றில்கூட விழுவதில்லை. கஞ்சி முக்கிய வேட்டிகளைப் பிரித்து விரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டேன். “இதுதான் ஊரு. வேற எது?” என்றார், தமிழிலேயே. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கும்பிடுவது மாரியம்மனை. இவர் ஒட்டினாரா ஒட்டவில்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

மண்ணைப் பற்றியே பேச வேண்டுமென்றால், கொச்சியைவிடப் பெரிய சதுப்பு நிலம் எங்கே இருக்கிறது? 1341-ல் பெரியாற்று வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, இந்தப் பக்கம் வாய் திறந்ததால் உண்டான துறைமுகம் இது. எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்துக்காகத் தோண்டிய சேற்றைக் கொட்டி எழுப்பியது. அந்தச் சேற்றின் மேல்தான் கொங்கணியும் கச்சி மேமனும் குஜராத்தியும் தமிழரும் வீடு கட்டித் தலைமுறை கண்டிருக்கிறார்கள்.

7. இந்த வாதம் யார் கைக்குப் போய்ச் சேரும்?

ஒரு நாவலை ஒருவர் எப்படிப் படித்தால் என்ன, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். வாதம் நாவலோடு நின்றால் நானும் விட்டிருப்பேன். 1923-ல் சாவர்க்கர் எழுதிய ‘இந்துத்துவா’ நூல், புண்ணியபூமி வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த நாடு முழுச் சொந்தமாகாது என்று கோடு கிழித்தது. இனோவேயின் வாதமும் அதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. இலங்கையிலும் இதே கதைதான்: மலையகத் தமிழர்கள் 1948-க்குள் நூறாண்டுக்கு மேல் அந்த மண்ணைக் கொத்தி, தேயிலை நட்டு, அங்கேயே புதைந்துகொண்டிருந்தார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மண் அவர்களை உமிழவில்லை. மண் அவர்களை உண்டு செழித்தது. வெளியேற்றியது காகிதம்.

இதில் தமிழர்களாகிய நாம் சுத்தம் என்றும் நான் சொல்ல மாட்டேன். நான்கு நூற்றாண்டாகத் தமிழ் பேசி, தமிழ்நாட்டில் உழுது, நெய்து வாழ்கிறவர்களை வந்தேறி என்று மேடையில் ஏசும் பேச்சுக்குக் கைதட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. கொச்சியில் நம்மவரை யாராவது அப்படிச் சொன்னால் வலிக்கும். அங்கே சொல்லும்போது இனிக்கிறது. இரண்டும் ஒரே சதுப்பு நிலக் கதைதான். அதை நாவலின் ஞானம் என்று நம் வாயாலேயே பரப்பிவிட்டு, நாளை நம் மேல் அது பாயும்போது எந்த முகத்தோடு மறுப்போம்?

எண்டோவின் மேல் எனக்கு வழக்கில்லை. பொருந்தாத உடுப்பை அறுத்து, தன் உடம்புக்குத் தைத்துக்கொள்ள ஆயுள் முழுவதும் உழைத்தவர் அவர். ஒட்டவே ஒட்டாது என்று அவர் நம்பியிருந்தால் தைத்திருக்க மாட்டார். தன் நாவலுக்குக் கடைசியில் அவர் ஒரு பின்னிணைப்பும் வைத்திருக்கிறார். ஒரு அதிகாரியின் வறண்ட நாட்குறிப்பைப் போலிருப்பதால் பலர் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். ரோட்ரிகஸ் இப்போது ஒகாடா சன்எமோன். இறந்துபோன ஒருவனின் பெயரும் மனைவியும் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன, எடோவில் காவலில் வாழ்கிறார். அரசு அவருக்கு ஒரு ஜப்பானிய அடையாளத்தையே தைத்துப் போட்டுவிட்டது. அவருக்கு வேலையாளாக இருப்பவன் கிச்சிஜிரோ. காட்டிக்கொடுத்தவன், திரும்பத் திரும்ப மிதித்தவன், எல்லோரும் கோழை என்று ஒதுக்கியவன். ஒருநாள் சோதனை போடும்போது அவன் கழுத்தில் மறைத்துவைத்திருந்த கிறிஸ்தவ உருவம் அகப்படுகிறது. எத்தனையோ முறை மறுதலித்த பிறகும், அதிகாரிகளின் வீட்டுக்குள்ளேயே, அந்தக் கோழை அதைக் கழற்றவில்லை.

இந்த நாவலைப் பற்றி இனி எங்கே பேசினாலும் ஃபெரேராவின் பேச்சோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பின்னிணைப்பையும் படித்துவிட்டு வாருங்கள். கிச்சிஜிரோ பிடிபடும் அந்தப் பத்தியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்; அதற்குப் பிறகும் மண்ணின் மேல் பழி போட முடியுமென்றால் போடுங்கள்.